எஸ்பிரஸ்ஸோ மெஷினோடு கூட என்னென்ன வாங்குவது? வேலூர் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

எஸ்பிரஸ்ஸோ மெஷினுக்குப் பணம் கட்டிய கையோடு, "இதையும் சேர்த்து வாங்குங்கள்" என்று ஒரு செட் திரையில் வந்து நிற்கும். தூளை அமுக்குவதற்கு மரக் கைப்பிடி போட்ட டாம்பர், பளபளக்கும் ஜக், தூளைச் சமன்படுத்தும் வட்டு, தட்டிக் கொட்டும் டப்பா என்று பத்துப் பன்னிரண்டு உருப்படி இருக்கும். விலையும் மொத்தமாகப் பார்த்தால் மலிவாகத் தெரியும். அதை வாங்க வேண்டாம். அதில் பாதி உங்கள் மெஷினுக்குப் பொருந்தாது, மீதியில் பாதி தேவைப்படாது.

காபியின் ருசியை மாற்றக்கூடியவை மூன்றே மூன்று: கொட்டையை அரைக்கும் கிரைண்டர், எடை பார்க்கும் தராசு, மெஷினுக்குள் ஊற்றும் தண்ணீர். மற்றதெல்லாம் வேலையைச் சுலபமாக்கும், அல்லது அழகுக்கு இருக்கும். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் இருப்பவர்களுக்குத் தண்ணீர் விஷயத்தை அழுத்தியே சொல்ல வேண்டும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் அளவெடுங்கள்

எதையும் ஆர்டர் செய்வதற்கு முன்னால் மெஷினோடு வந்த கைப்பிடியை, அதாவது போர்ட்டாஃபில்டரைக் கையில் எடுங்கள். அதற்குள் உட்காரும் ஓட்டைக் கிண்ணம்தான் பாஸ்கெட். அதன் வாயின் உள்விட்டத்தை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். பள்ளிக்கூட ஸ்கேல் போதாது, ஒன்றிரண்டு மி.மீ. பிசகிவிடும். வெர்னியர் காலிப்பர் இருந்தால் நல்லது. வீட்டில் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை இருந்தால் அதுவும் வீட்டிலேயே இருக்கும்.

பொதுவாக மூன்று அளவுகள்தான் புழக்கத்தில் உள்ளன. டெலாங்கி டெடிகா போன்ற சிறிய மெஷின்களுக்கு 51 மி.மீ., பிரெவில் பாம்பினோவுக்கு 54, காஜியா கிளாசிக்குக்கும் கடைகளில் இருக்கும் பெரிய மெஷின்களுக்கும் 58. டாம்பர், புனல், சமன்வட்டு எல்லாமே இந்த எண்ணைப் பொறுத்தவை. 51-க்கு 58 நுழையாது. 58-க்கு 51 போட்டால் ஓரத்தில் தூள் அமுங்காமல் நிற்கும், தண்ணீர் அந்த வழியாகவே ஓடிவிடும்.

அடுத்து பாஸ்கெட்டைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். அடி முழுக்கப் பொடிப்பொடியாக ஓட்டைகள் இருந்தால் அது ஒற்றைச் சுவர் பாஸ்கெட். வெளிப்பக்கம் ஒரே ஒரு ஊசி ஓட்டை மட்டும் இருந்தால் இரட்டைச் சுவர். இரட்டைச் சுவர் பாஸ்கெட் அந்தச் சின்ன ஓட்டையால் செயற்கையாக அழுத்தம் உண்டாக்கி, எந்தத் தூளைப் போட்டாலும் மேலே நுரை காட்டிவிடும். விலை குறைந்த மெஷின்களில் பெரும்பாலும் இதுதான் வரும். புதிதாகத் தொடங்குபவருக்கு இது தோழன், ஆனால் நல்ல கொட்டையும் சுமாரான கொட்டையும் இதில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ருசிக்கும். நல்ல கிரைண்டர் வாங்கப் போகிறீர்கள் என்றால், உங்கள் அளவுக்கு ஒரு ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டையும் சேர்த்து வாங்குங்கள். கிரைண்டர் வாங்கும் எண்ணம் இல்லையென்றால் இரட்டைச் சுவரோடேயே இருந்துவிடுங்கள், டாம்பர்மீது செலவழிக்கவும் வேண்டாம்.

பெட்டியின் மேல் "15 பார்", "20 பார்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். அது பம்ப் தள்ளக்கூடிய உச்ச அழுத்தம். எஸ்பிரஸ்ஸோவுக்குத் தூளின் மேல் கிடைக்க வேண்டியது 9 பார் அளவில். இந்த எண்ணைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பணம் போக வேண்டிய இடம் கிரைண்டர்

மிக்ஸி ஜாரில் அரைத்தால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். மிக்ஸியின் பிளேடு கொட்டையை வெட்டிச் சிதறடிக்கும். ஒரு பக்கம் மாவு, ஒரு பக்கம் நொய். ஃபில்டர் காபிக்கு அது ஓரளவு தாங்கும், ஏனென்றால் டிகாக்‌ஷன் தன் இஷ்டத்துக்கு மெல்ல இறங்குகிறது. எஸ்பிரஸ்ஸோவில் 9 பார் அழுத்தத்தில் சுடுதண்ணீர் அரை நிமிடத்துக்குள் தூளைக் கடந்து போகிறது. தூள் சீராக இல்லாவிட்டால் தண்ணீர் இளகிய இடத்தைத் தேடி ஓடும். அந்த இடம் கசந்துபோகும், மற்ற இடத்துத் தூளில் சாரம் அப்படியே நின்றுவிடும். கசப்பும் புளிப்பும் ஒரே கோப்பையில் வருவது இதனால்தான்.

ஆகவே இரண்டு பற்சக்கரங்களுக்கு நடுவில் கொட்டையை நசுக்கும் பர் கிரைண்டர் வேண்டும். மின்சாரத்தில் ஓடுவது வசதிதான், ஆனால் எஸ்பிரஸ்ஸோ அளவுக்குப் பொடியாகவும் சீராகவும் அரைப்பதற்கு விலை ஏறிவிடும். முதலில் தொடங்க கையால் சுற்றும் கிரைண்டர்தான் புத்திசாலித்தனம். அதே விலைக்கு மின்சாரத்தில் கிடைப்பதைவிட நல்ல பர் கையில் சுற்றுவதில் கிடைக்கும். ஒரு வேளைக்கான கொட்டையை அரைக்க ஒரு நிமிடத்துக்கு மேல் கை வலிக்கச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். விருந்தாளிகள் ஆறு பேர் வந்தால் ஃபில்டர் காபி போட்டுக் கொடுங்கள்.

கை கிரைண்டரில் பார்க்க வேண்டியது பிராண்டைவிட, ஒரு கிளிக் திருப்பினால் பர் எவ்வளவு நகர்கிறது என்பதை. டைம்மோர் சி2 மாதிரி ஃபில்டருக்கும் பிரெஞ்சு பிரஸ்ஸுக்கும் ஏற்றவற்றில் ஒரு கிளிக் பெரிய தாவல். ஒரு கிளிக் இந்தப் பக்கம் வைத்தால் 15 விநாடியில் கொட்டிவிடும், அந்தப் பக்கம் வைத்தால் சொட்டுக்கூட இறங்காது. அதே கம்பெனியின் சி3 ஈ.எஸ்.பி.யில் ஒரு கிளிக் 0.023 மி.மீ., கிங்கிரைண்டர் கே6-இல் 0.016, ஒன்ஜீபிரஸ்ஸோ ஜே-அல்ட்ராவில் 0.008. ஒரு கிளிக் 0.03-க்குக் கீழே இருந்தால் எஸ்பிரஸ்ஸோவுக்கு ஒத்துவரும் என்று எடுத்துக்கொள்ளலாம். துணைச் சாமான்களுக்கு நீங்கள் ஒதுக்கிய பணத்தில் பாதிக்கு மேல் இதற்கே போனாலும் கவலைப்படாதீர்கள்.

கொட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் காபித்தூள் கடைகளில் வறுத்து அரைத்துத் தரும் தூள் ஃபில்டருக்கானது. ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டுக்கு அது கரகரப்பு. அதோடு சிக்கரி கலந்திருக்கும். சிக்கரி தண்ணீரில் ஊறிப் பிசுபிசுத்து பாஸ்கெட் ஓட்டைகளை அடைக்கும். அதே கடையில் "பிளான்டேஷன் ஏ, பீபெரி, சிக்கரி வேண்டாம், அரைக்கவும் வேண்டாம், வறுத்த கொட்டையாகவே கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டும் கொட்டையின் ரகப் பெயர்கள். பல கடைகளில் தருவார்கள். என்றைக்கு வறுத்தது என்றும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வறுத்து ஒரு வாரம் கழித்துத் தொடங்கி அடுத்த மூன்று நான்கு வாரத்துக்குள் முடிப்பது நல்லது. மே மாதத்தில் வேலூர் சமையலறை அலமாரி கொட்டைக்கு ஏற்ற இடமே இல்லை. கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். மிச்சம் இருந்தால் காற்றுப் புகாமல் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள்.

தராசு

0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு போதும். காபித் தராசு என்று பெயர் வைத்து, டைமர் சேர்த்து விற்பது விலை கூடுதல். டைமர் உங்கள் போனில் இருக்கிறது.

நகை எடை பார்க்கும் பாக்கெட் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வாங்கலாம், ஆனால் கொள்ளளவைப் பார்த்து வாங்குங்கள். 200 கிராம் வரைதான் தாங்கும் என்றால் கனமான பீங்கான் கோப்பை வைத்த உடனேயே திணறும். போர்ட்டாஃபில்டரை அதன்மேல் வைக்கவே முடியாது. 500 கிராமோ அதற்கு மேலோ தாங்குவதாகப் பாருங்கள். உயரமும் முக்கியம். சிறிய மெஷின்களில் மூக்குக்குக் கீழே இடம் குறைவு, தராசு தடிமனாக இருந்தால் அதன்மேல் டம்ளர் நிற்காது. எடையில்லாத எவர்சில்வர் டம்ளர் இந்த விஷயத்தில் பீங்கானைவிட வசதி. முதலில் அதில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக்கொண்டால் காபியும் ஆறாது.

டாம்பரும் கிளறியும்

மெஷினோடு வரும் பிளாஸ்டிக் டாம்பர் பாஸ்கெட் விட்டத்தைவிடச் சின்னதாக இருக்கும். ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டுக்கு மாறும்போது இதையும் மாற்றுங்கள். அளந்த விட்டத்துக்குச் சரியான, அடி தட்டையான எவர்சில்வர் டாம்பர். எத்தனை கிலோ பலத்தில் அமுக்குவது என்பதைவிட, சாயாமல் மட்டமாக அமுக்குவதுதான் காரியம். கை சாய்கிறது என்று தோன்றினால், ஸ்பிரிங் வைத்து ஓரத்தில் பதிந்து தானே மட்டம் பார்க்கும் டாம்பர் இருக்கிறது. கொஞ்சம் கூடுதல் விலை, ஆனால் வீட்டில் இரண்டு மூன்று பேர் மாறி மாறிப் போடுவதானால் அது பிரயோஜனம்.

அமுக்கும் முன்னால் தூளில் இருக்கும் கட்டிகளை உடைக்க மெல்லிய ஊசிகள் பதித்த கிளறி ஒன்று வேண்டும். ஊசி 0.3 முதல் 0.4 மி.மீ. தடிமன். தடியாக இருந்தால் தூளில் பள்ளம்தான் விழும். இதை விலைக்கு வாங்க வேண்டும் என்றில்லை. அகூஸ்டிக் கிட்டாரின் முதல் தந்தி 0.012 அங்குலம் என்று வாங்கினால் சரியாக 0.3 மி.மீ. அதை ஐந்தாறு துண்டாக வெட்டி ஒரு தக்கையில் செருகினால் முடிந்தது. தூள் வெளியே சிந்தாமல் இருக்க பாஸ்கெட்டின் வாயில் உட்காரும் வளையம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் உங்கள் அளவில்.

மேலே வைத்துச் சுழற்றும் சமன்வட்டு வேண்டாம். மேற்பரப்பை மட்டும் அழகாக்கிவிட்டு அடியில் இருக்கும் கட்டியை அப்படியே விட்டுவிடும். கிளறிதான் அந்த வேலையைச் செய்கிறது.

மேசை கீறாமல் இருக்க ஒரு பாய் வேண்டும். ஹார்ட்வேர் கடையில் தடித்த ரப்பர் ஷீட் துண்டு கேட்டால் போதும். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் சொந்தக்காரர் இருப்பவர்கள் தோல் துண்டு கேட்கலாம் என்று நினைப்பார்கள். ஈரம் பட்டால் தோல் ஊறிக்கொள்ளும், ரப்பரே மேல்.

இவ்வளவும் வந்த பிறகு முதல் நாள் செய்ய வேண்டியது இது. 58 அல்லது 54 மி.மீ. பாஸ்கெட் என்றால் 18 கிராம், 51 என்றால் 14 முதல் 16 கிராம் கொட்டையை நிறுத்து அரையுங்கள். கிளறி, மட்டமாக அமுக்கி, மெஷினில் மாட்டுங்கள். டம்ளரைத் தராசின்மேல் வைத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டு பொத்தானை அழுத்தும்போதே போனில் டைமரையும் தொடங்குங்கள். போட்ட தூளைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 18 போட்டால் 36 கிராம் இறங்கியதும் நிறுத்துங்கள். 25 முதல் 30 விநாடிக்குள் வந்திருந்தால் ருசி பாருங்கள். முன்னதாகவே கொட்டிவிட்டால் இன்னும் பொடியாக அரையுங்கள், தாமதமானால் கொஞ்சம் கரகரப்பாக. ஒரு தடவையில் அரைப்பை மட்டும் மாற்றுங்கள். தூளின் எடையையும் சேர்த்து மாற்றினால் எதனால் என்ன ஆனது என்றே தெரியாது.

தண்ணீர்

"ஆறு உண்டு, நீர் இல்லை" என்று வேலூரைக் கிண்டல் செய்யும் பழைய பேச்சில், கோயில் உண்டு சாமி இல்லை என்றும் வரும். ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குச் சாமி 1981-லேயே திரும்பிவிட்டார். பாலாற்றுக்கு நீர் 2021 மாதிரி வெள்ளம் வருகிற வருஷங்களில்தான் வருகிறது. மற்ற நாட்களில் நம் வீடுகளுக்கு மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர், அதற்கு மேல் ஆர்.ஓ. மெஷின். இந்த நான்கில் எதை ஊற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் மெஷின் எத்தனை வருஷம் உழைக்கும் என்பது.

போர் தண்ணீரை நேராக ஊற்றவே ஊற்றாதீர்கள். கெய்சர் காயிலில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரிலிருக்கும் கால்சியம் சூடு பட்டதும் சுண்ணாம்பாகப் படிகிறது. எஸ்பிரஸ்ஸோ மெஷினுக்குள் இருக்கும் குழாய்கள் கெய்சர் குழாயைவிடப் பல மடங்கு மெல்லியவை. பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டுக்கிடக்கும் இடங்களில் உப்பும் சேர்ந்துகொள்ளும்.

அப்படியானால் ஆர்.ஓ. தண்ணீர் சரிதானே என்றால், அதுவும் முழுச் சரி இல்லை. சத்தே இல்லாத அளவுக்குச் சுத்தமான தண்ணீரில் காபியின் சாரம் சரியாக இறங்காது, ருசி சப்பென்று இருக்கும். சில மெஷின்களில் தண்ணீர் மட்டத்தை அறியும் சென்சாரும் அதில் ஏமாறும். காபிக்கு ஏற்றதாகச் சொல்லப்படும் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, 150 பி.பி.எம். பக்கம், 75-லிருந்து 250 வரை பரவாயில்லை.

ஆகவே நீங்கள் வாங்க வேண்டிய துணைச் சாமான்களில் டி.டி.எஸ். மீட்டரும் ஒன்று. பேனா மாதிரி இருக்கும், விலையும் சில நூறுதான். ஆர்.ஓ. தண்ணீரை அளந்து பாருங்கள். 20, 30 என்று காட்டினால், பல ஆர்.ஓ. மெஷின்களில் இதைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கும். சர்வீஸுக்கு வருபவரிடம் 100 பக்கம் வைக்கச் சொல்லுங்கள். அந்தத் திருகு சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துதான் எண்ணைக் கூட்டுகிறது. அதனால் ஆர்.ஓ. மெஷினுக்கு வரும் தண்ணீர் போர் தண்ணீராக இருந்தால் திருகைத் தொடாதீர்கள். காவிரித் தண்ணீர் வருகிற வீடாக இருந்தால், அதைக் கொதிக்கவைத்து ஆறவைத்து ஆர்.ஓ. தண்ணீரோடு கலந்து மீட்டரில் பார்த்து 100-க்கும் 150-க்கும் நடுவில் கொண்டுவரலாம்.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும். மீட்டர் மொத்தக் கரைசலைத்தான் சொல்லும், அதில் சுண்ணாம்பு எவ்வளவு, சோற்றுப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. சோப்பு நுரைக்காத தண்ணீரை எண் எதுவானாலும் ஒதுக்குங்கள்.

எவ்வளவு பார்த்துப் பார்த்து ஊற்றினாலும் பொருக்கு கொஞ்சம் சேரும். மெஷினில் அதற்கான எச்சரிக்கை விளக்கு எரியும்போது, அல்லது மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பொருக்கு நீக்கும் திரவம் விட வேண்டும். கம்பெனி சொல்லும் திரவம் விலை அதிகம் என்று பலர் மளிகைக் கடை எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றுகிறார்கள். பாய்லர் அலுமினியமா, எவர்சில்வரா, பித்தளையா என்று பார்க்காமல் அதைச் செய்யாதீர்கள். கையேட்டில் அனுமதித்திருந்தால் மட்டும் ஊற்றலாம். வினிகர் வேண்டாம், வாடை போகாது.

பாலும் ஜக்கும்

ஒரு ஆளுக்கு 350 மி.லி. ஜக், இரண்டு பேருக்கு 600. பெரிய ஜக்கில் கொஞ்சூண்டு பாலை விட்டால் நீராவிக் குழாயின் முனை பாலில் மூழ்காது, மேலே வெறும் சோப்பு நுரை மாதிரிதான் வரும். மூக்கு கூராக, கைப்பிடி உறுதியாக இருக்கும் எவர்சில்வர் ஜக்காகப் பாருங்கள். லாங் பஜார் பாத்திரக் கடைகளில் அதே கனத்தில் மூக்கு வைத்த பால் ஜக் கிடைத்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். கோப்பையில் இலை படம் வரைய ஆசை இருந்தால்தான் அதற்கென்று செய்த ஜக் வேண்டும்.

நுரைக்குக் காரணம் பாலில் இருக்கும் புரதம், வழவழப்புக்குக் காரணம் கொழுப்பு. ஆவினில் நீலப் பாக்கெட் 3 சதவீதம் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. முதலில் பழகப் பச்சைப் பாக்கெட் எடுங்கள். நீலத்தில் நுரை எளிதாக வரும், ஆனால் வாயில் தண்ணியாக இருக்கும். ஆரஞ்சில் ருசி கனம், நுரை கட்ட கை பழக வேண்டும்.

பால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் இருக்க வேண்டும். நம் வெயிலுக்கு ஜக்கையும் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். குளிர்ச்சியாக இருந்தால்தான் சூடாவதற்குள் நுரை கட்ட நேரம் கிடைக்கும். பாக்கெட் பால் பாஸ்சரைஸ் செய்தது, தனியாகக் காய்ச்சத் தேவையில்லை. கறந்த பால் வாங்குகிறவர்கள் காய்ச்சி, ஆறவைத்து, ஆடையை எடுத்துவிட்டு, ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்த பிறகு பயன்படுத்துங்கள்.

குழாயை ஒரு நொடி திறந்து உள்ளே நிற்கும் தண்ணீரை வெளியே விடுங்கள். பிறகு முனையைப் பாலின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, நடுவிலிருந்து ஒதுங்கி வைத்துத் திறங்கள். 'ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம் வர வேண்டும். ஜக் உடம்புச் சூட்டுக்கு வந்ததும் முனையை ஆழமாக இறக்கிப் பாலைச் சுழல விடுங்கள். கையை வைத்திருக்க முடியாத சூடு வந்தால் 60, 65 டிகிரி, அங்கே நிறுத்துங்கள். வீட்டுப் பெரியவர்கள் இதை ஆறிப்போன காபி என்பார்கள். நுரை பொங்க ஆற்றிய ஃபில்டர் காபியே நாக்கு சுடுகிற பழக்கம் நமக்கு. 70 வரை போகலாம், அதற்கு மேல் நுரை உடையும், பால் வெந்த வாடை வரும். டம்ளரை வெந்நீரில் சூடாக்கிக் கொடுத்துப் பாருங்கள், பாதிப் புகார் குறையும். கையில் நம்பிக்கை வரும்வரை ஜக்கில் செருகும் தெர்மாமீட்டர் ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

நீராவிக் குழாய்க்கென்று தனித் துணி வேண்டும். பழைய வேட்டியைக் கிழித்த துண்டு இதற்கு மைக்ரோஃபைபரைவிட நன்றாக இருக்கும். ஒவ்வொரு முறையும் ஈரத் துணியால் துடைத்துவிட்டு ஒரு நொடி நீராவி விடுங்கள். பால் காய்ந்து ஒட்டிவிட்டால் அப்புறம் சுரண்டத்தான் வேண்டும்.

பிறகு பார்க்கலாம் என்று வைக்க வேண்டியவை

அடி திறந்த போர்ட்டாஃபில்டரில் காபி எங்கே பீய்ச்சுகிறது என்று கண்ணால் பார்த்துக் கற்கலாம். கற்றுக்கொள்ள நல்லது, சட்டையையும் சுவரையும் கறையாக்கும். இரண்டு மாதம் கழித்து யோசியுங்கள். தூளின் மேல் வைக்கும் எவர்சில்வர் சல்லடை மெஷினின் வாயைச் சுத்தமாக வைத்திருக்கும், ருசியில் பெரிய மாற்றம் இல்லை. பாஸ்கெட்டில் அதற்கு மேல்பக்கம் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டையில்லாத ரப்பர் வட்டு போட்டுப் பின்னோட்டமாகக் கழுவுவது, காபி இறங்கியதும் மிச்ச அழுத்தத்தை வெளியே விடும் மூன்றுவழி வால்வு உள்ள மெஷின்களுக்கு மட்டும். அது இல்லாத சிறிய மெஷினில் போட்டால் அழுத்தம் வெளியேற வழியில்லை. தட்டிக் கொட்டும் டப்பா தேவையே இல்லை. விடியற்காலையில் அது போடும் சத்தத்தில் வீடே எழுந்துவிடும். கரண்டியால் வழித்து மாடிச் செடித் தொட்டியில் போடுங்கள்.

கடைசியாக ஒரு செலவு. இந்த மெஷின்களில் பல 1300 வாட்டும் அதற்கு மேலும் இழுக்கும். மிக்ஸி செருகும் 6 ஆம்பியர் பாயின்ட் தாங்குவதே 1380 வாட் அளவில்தான். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகாமல், கெய்சருக்கோ ஏ.சி.க்கோ போடுவது போல 16 ஆம்பியர் பாயின்ட் ஒன்றை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தோடு போட்டுக்கொள்ளுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டாதீர்கள். கரண்ட் போன நேரத்துக்குக் கை கிரைண்டரில் கொஞ்சம் கரகரப்பாக அரைத்து, பித்தளை ஃபில்டரிலேயே டிகாக்‌ஷன் இறக்கிக்கொள்ளலாம். சிக்கரி இல்லாத அந்த டிகாக்‌ஷன் நிறம் வெளிறியிருக்கும், தூளைக் கொஞ்சம் கூடப் போடுங்கள்.